முற்றத்தைப் பார்த்துவிட்டு இலைக்கு உட்காருங்கள்

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஓர் உணவகத்தைப் பற்றிய கேள்வி. தை மாதக் கடைசியில் திருக்கடையூரில் பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம். மறுநாள் கும்பகோணம் பக்கத்தில், பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்து நடத்தும் உணவகத்தில் எட்டுப் பேருக்கு மதியச் சாப்பாடு. பக்கத்துத் தெரு மெஸ்ஸில் வாங்குவதைப்போல் ஐந்து மடங்கு அங்கே கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்குப் பொருள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், தாத்தா வீடும் இப்படித்தான் இருந்தது, விற்றுவிட்டோம், அப்பா இன்றும் அந்த வீட்டைப் பற்றிப் பேசுவார் என்று போகிறபோக்கில் சேர்த்திருக்கிறீர்கள். ஆகவே அந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அப்பாவுக்கு அது வீடாகப் படுமா, வேஷமாகப் படுமா என்பதே உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கட்டடப் பொறியாளன். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதே இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வேலை. அவற்றில் சில வீடுகள் பிறகு விடுதியாகவும் உணவகமாகவும் மாறியிருக்கின்றன. எனவே சுவரையும் கூரையையும் பற்றி நான் சொல்வதைத் தொழில் அறிவு என்று நம்பலாம். சமையலைப் பற்றிச் சொல்வது இந்த ஊரில் பிறந்து சாப்பிட்டு வளர்ந்தவனின் நாக்கு சொல்வது. அதற்கு அவ்வளவு எடைதான் கொடுக்க வேண்டும். நீங்கள் பெயர் சொன்ன உணவகத்தில் நான் சாப்பிட்டதில்லை. அதனால் அதைப் புகழவோ குறை சொல்லவோ மாட்டேன். எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

காவிரிப் படுகையின் தெருவீடு ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அக்கிரகாரமானாலும் வேளாளர் தெருவானாலும் இங்கே மனைக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசல் ஒரு தெருவில் இருந்தால் கொல்லைப்படல் அடுத்த தெருவிலோ வாய்க்கால் கரையிலோ போய் முடியும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழி கிடையாது. திண்ணை, ரேழி என்னும் நடை, கூடம், முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் அந்த வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் வருகிற வழி முற்றம் ஒன்றுதான். வெயில் ஏறும்போது முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகும். போகிற காற்று வாசல் பக்கமிருந்தும் கொல்லைப் பக்கமிருந்தும் நிழலில் ஆறிய காற்றை உள்ளே இழுக்கும். மின்விசிறி வருவதற்கு முன்பு சித்திரை வெயிலில் கூடத்தில் பாய் போட்டுப் படுக்க முடிந்தது இதனால்தான்.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கும் ஒரு வழி இருந்தது. விருந்தாளி முன்வாசலிலிருந்து உள்ளே வருவார். திண்ணையில் சற்று உட்கார்ந்து, கால் கழுவி, ரேழியைக் கடந்து கூடத்துக்கு வருவார். சோறு எதிர்த் திசையில், அடுக்களையிலிருந்து இரண்டாங்கட்டைத் தாண்டி வரும். இரண்டும் சந்திக்கிற இடம் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமும் கூடமும். பந்தி அங்கேதான் விழும். சாப்பிட்ட இலை வந்தவழியே திரும்பாமல் கொல்லைக்குப் போகும், மாடு தின்னும். சமைப்பவர், பரிமாறுபவர், உண்பவர் மூவரும் ஒருவரையொருவர் இடிக்காமல் நடமாடுகிற ஒழுங்கு அந்த நீளத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. ஒரு பழைய வீட்டை உணவகமாக மாற்றியவர் இந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டாரா என்பதுதான் நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பது. ரேழியை ஒட்டிய காமிரா உள் என்னும் சிறிய அறையைப் பணம் வாங்கும் இடமாக்கி, கொல்லையில் புதிய சமையலறை வைத்து, கூடத்தையும் தாழ்வாரத்தையும் சாப்பாட்டுக்கு விட்டிருந்தால் பாதி வேலை சரியாக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டாங்கட்டில் குளிரூட்டிய அறைகளைத் தடுத்து அங்கே சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, கூடத்தைப் புகைப்படம் எடுக்கும் இடமாகக் காலியாக வைத்திருந்தால், வீடு அங்கே வெறும் முகப்பாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

முற்றத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நானே தவறு செய்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வீட்டு உரிமையாளர், மழையில் மேசைகள் நனைந்துவிடும் என்று பயந்து, முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடச் சொன்னார். வெளிச்சம்தான் வருகிறதே என்று நானும் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். பங்குனி பிறந்ததும் கூடம் அடுப்பாயிற்று. வெப்பம் போக இருந்த ஒரே வாயை நான் அடைத்திருந்தேன். அதற்கு மருந்தாக ஏ.சி. வந்தது, ஏ.சி.க்காகக் கதவுகளுக்குக் கண்ணாடி வந்தது. இரண்டு மழைக்காலம் கழிந்தபோது சுவரெல்லாம் உப்புப் பூத்து, வண்ணம் அப்பளமாக உப்பிக்கொண்டு நின்றது. பிறகு தகட்டைக் கழற்றி, கூரை மட்டத்துக்கு மேலே மூன்றடி தூக்கி, நான்கு பக்கமும் காற்றுப் போகத் திறந்து வைத்து மறுபடி அமைத்தோம். சாரல் கொஞ்சம் அடிக்கிறது, ஆனால் வீடு மூச்சுவிடுகிறது. நீங்கள் போகிற இடத்தில் தலையை நிமிர்த்தி ஒருமுறை பாருங்கள். முற்றம் திறந்திருந்தாலோ தூக்கிய மூடி போட்டிருந்தாலோ நடத்துபவருக்கு வீட்டைத் தெரிந்திருக்கிறது.

உப்புப் பூத்தது ஏன் என்பதைச் சொன்னால் சுவரை எப்படிப் பார்ப்பது என்பதும் விளங்கிவிடும். இது வண்டல் மண். தோண்டினால் கல் கிடைக்காத பூமி. கோயிலுக்கு வேண்டிய கல் வெளியிலிருந்து வந்தது. வீட்டுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கரையோரத்துக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரை விட்டுப் பூசினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே நிலத்தடி நீர் மிக அருகில் வந்துவிடும். அந்த ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சு அதைத் தடுக்காமல் வெளியே ஆவியாக விட்டுவிடும். அதே சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரமாக ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் உப்பைப் படியவிட்டு, கடைசியில் பூச்சையே தள்ளிக் கழற்றும். ஏ.சி. அறையில் இது வேகமாக நடக்கும், உள்பக்கம் உலர உலர ஈரம் அந்தப் பக்கமாகவே வரும். ஆகவே தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை சுவரைப் பாருங்கள். பெயிண்ட் உரிந்து, அதை மறைக்க அங்கே மட்டும் மரப்பலகையோ டைல்ஸோ ஒட்டியிருந்தால் உள்ளே சிமெண்ட் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். விரலை வைத்துத் தேய்த்தால் வெள்ளை லேசாக ஒட்டும் சுவர் சுண்ணாம்பு அடித்தது. அதைக் கண்டு அம்மாவின் பட்டுப்புடவை கெடுமே என்று கவலைப்பட வேண்டாம், தட்டினால் போய்விடும்.

வீட்டின் வயதைப் பற்றி உணவகங்கள் சொல்லிக்கொள்வதைச் சற்றுத் தள்ளியே வைத்துக் கேட்க வேண்டும். இருநூறு ஆண்டு என்று பலகையில் எழுதுவது எளிது, நிரூபிப்பது கடினம். பத்திரம் இல்லாதபோது நாங்களும் பொருள்களை வைத்துத்தான் ஊகிக்கிறோம். மங்களூர் ஓடு தயாரிக்கும் முதல் ஆலையைப் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமய அமைப்பு 1865-இல் தொடங்கியது. எனவே கூரையில் அந்தத் தட்டை ஓடு இருந்தால் கூரை அதற்குப் பிற்பட்டது என்பது உறுதி, ஆனால் சுவர் அதற்கும் முந்தியதாக இருக்கலாம், ஏனென்றால் பழைய நாட்டு ஓட்டை இறக்கிவிட்டு மங்களூர் ஓடு போட்ட வீடுகள் ஏராளம். வழவழப்பான சிவப்புக் காவித் தரை சிமெண்ட் புழங்கத் தொடங்கிய பிறகு வந்தது. அது இருந்தால் தரை பெரும்பாலும் போன நூற்றாண்டைச் சேர்ந்தது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்ட மெட்ராஸ் தளம் மாடியில் இருந்தால் வசதியான குடும்பம் என்று தெரியும். பனஞ்சட்டமும் மூங்கிலும் என்றால் நடுத்தரம். இதற்கு மேல் துல்லியமாக ஆண்டு சொல்பவர் கையில் பத்திரம் இருக்க வேண்டும், அல்லது கற்பனை இருக்க வேண்டும்.

அடுத்தது என் மனக்குறை. உங்கள் பணம் எங்கே போகிறது என்பதோடு தொடர்புள்ளது என்பதால் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று தொடங்கும் பலர் நேரே காரைக்குடிக்குப் போகிறார்கள். அங்கே பிரித்து விற்ற வீடுகளின் தூண்களையும் நிலைக்கதவுகளையும் வாங்கிவந்து இங்கே நட்டு, நல்ல காவித் தரையைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதித்து, சமையல் பட்டியலிலும் செட்டிநாட்டுக் கோழி, செட்டிநாட்டுக் குழம்பு என்று எழுதிவிடுகிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது வறண்ட நிலத்தில், கடல் கடந்து சம்பாதித்த வணிகர்கள், கல்யாணத்துக்கு ஊரையே கூட்டி உட்கார வைக்கக் கட்டியது. இங்கே உள்ள வீடு நெல் விளைச்சலை நம்பிக் கட்டியது. நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் எங்கே நிற்க வேண்டும், குதிரின் அடியில் ஈரம் ஏறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், வைக்கோல்போரும் மாட்டுக்கொட்டகையும் அடுக்களைப் புகைக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்ற கணக்கில் வந்த வீடு. தூண் மெலிதாகத்தான் இருக்கும், அலங்காரம் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் தாத்தா வீடும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சுவரெல்லாம் பளபளக்க, ஆளுயரப் பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற இடத்தில் அப்பா வியப்பார். தன் வீடு என்று நினைக்க மாட்டார்.

சமையலுக்கும் இதே அளவுகோல்தான். நீர்வளம் உள்ள நிலத்தின் சாப்பாடு காரத்தை நம்பியிருப்பதில்லை. வாழையின் பூவும் தண்டும் காயும், கீரைத்தண்டு, அவரை, மொச்சை, கருணைக்கிழங்கு, தயிர், தேங்காய், வாய்க்காலில் ஓடும் மீன் என்று கையெட்டும் தூரத்தில் கிடைத்தவற்றிலிருந்து வந்தது. பருப்புருண்டைக் குழம்பு, மணத்தக்காளி வற்றல்குழம்பு, மோர்க்குழம்பு, பாகற்காய்ப் பிட்லை, கத்தரிக்காய் ரசவாங்கி, உளுந்து மாவில் கரைக்கும் டாங்கர் பச்சடி, இனிப்பில் திருவையாற்று அசோகா, இவற்றில் மூன்றோ நான்கோ பட்டியலில் இருந்தால் அது இந்த ஊர்ச் சமையலறை. மீன் சாப்பிடுகிற குடும்பமாக இருந்தால் விரால், கெளுத்தி, கெண்டை கேளுங்கள். வஞ்சிரம் எந்த ஊரிலும் கிடைக்கும். கடப்பாவை மதிய இலையில் வைக்கிறார்கள் என்றால் சற்று யோசிக்கலாம். அது இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற காலைப் பதார்த்தம்; மதியத்தில் அது வருவது உள்ளூர்ப் பெயருக்காகத்தான்.

நீங்கள் போகிற மாதம் தை என்பதால் அரிசியைப் பற்றி ஒன்று. சம்பா அறுவடை முடிந்து புது நெல் வந்திருக்கும் நேரம். புது அரிசி பொங்கலுக்கு அருமை, சாப்பாட்டுக்குக் குழையும்; இலையில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைய, ஓராண்டு இருந்த பழைய அரிசிதான் இங்கே வழக்கம். தொலைபேசியில் இடம் பதியும்போது, என்ன அரிசி, பழையதா என்று கேட்டுப் பாருங்கள். கிச்சிலிச் சம்பா, தூயமல்லி என்று ஏதோ ஒரு பதில் உடனே வந்தால் அடுக்களையில் பொறுப்பானவர் ஒருவர் இருக்கிறார். பொன்னி என்று சொன்னாலும் குற்றமில்லை, நேர்மையான பதில்தான். "எல்லாம் பாரம்பரிய அரிசி, சார்" என்று மட்டும் வந்தால் அது பலகையில் எழுதிய பதில்.

கதைகளையும் உறுதியானவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தகைய இடங்களில் சாப்பாட்டோடு கதையும் பரிமாறப்படும். தஞ்சை மராத்தியர் ஆட்சி 1670-களிலிருந்து 1855 வரை நடந்தது என்பதும், பிட்லை, டாங்கர் ஆகியவை அந்த மொழியின் சொற்கள் என்பதும், ரசவாங்கியில் உள்ள வாங்கி மராத்தியில் கத்தரிக்காய் என்பதும் ஐயமில்லாதவை. இரண்டாம் சரபோஜி காலத்து அரண்மனைச் சமையல் குறிப்புகள் சுவடியாகக் கிடைத்து, சரஸ்வதி மகால் நூலகம் அவற்றைப் பதிப்பித்திருப்பதும் உண்மை. ஆனால் "அரண்மனை விருந்து" என்று இன்று இலையில் வருவது, அளவும் பக்குவமும் சுருக்கமாக எழுதப்பட்ட குறிப்பை வைத்து இன்றைய சமையற்காரர் ஊகித்துச் செய்தது. சுவையாக இருக்கலாம், சரபோஜி சாப்பிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. சிவாஜியின் மகன் சம்பாஜி விருந்தாளியாக வந்தபோது தஞ்சை சாகஜி மன்னர் அடுக்களையில் பிறந்தது சாம்பார் என்ற கதையும் அப்படியே. சாகஜி 1684-இல் பட்டத்துக்கு வந்தார், சம்பாஜி 1689-இல் இறந்தார். காலம் பொருந்துகிறது, ஆனால் அந்தக் காலத்தில் எழுதிய சான்று என்று எதையும் யாரும் எனக்குக் காட்டியதில்லை. டிகிரி காபிக்கும் இரண்டு விளக்கம் சொல்வார்கள். பால்மானியில் தேறிய கலப்பில்லாத பால் என்பதால் டிகிரி என்பது ஒன்று; டிகாக்ஷன் என்பது வாயில் மருவி டிகிரியாயிற்று என்பது மற்றொன்று. முதலாவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, அவ்வளவுதான். எது சரியானாலும், பசும்பாலில் கலந்து பித்தளை டபராவில் கை பொறுக்காத சூட்டில் வர வேண்டும் என்பதில் ஊரில் கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது விலை. மெஸ்ஸில் ஒரே நாற்காலியில் மதியத்துக்குள் ஐந்தாறு பேர் மாறி மாறி உட்கார்ந்து எழுவார்கள். நீங்கள் போகிற இடத்தில் அதே நாற்காலி ஒரு குடும்பத்துக்கு, மிஞ்சினால் இரண்டு குடும்பத்துக்கு. வீடு அகலம் குறைவு என்று சொன்னேனே, தாழ்வாரத்தில் இரண்டு வரிசை மேசை போட இடமிருக்காது. இதற்கு மேல் ஆண்டுதோறும் மழைக்கு முன்பு ஓடு மாற்ற வேண்டும், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், உத்திரத்துக்குக் கரையான் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், கிடைத்தால் கூலி அதிகம். எனவே ஐந்து மடங்கு விலையில் இலையில் விழுகிற பொருளின் பங்கு சிறியது. பெரிய பங்கு இடத்துக்கும் நேரத்துக்கும் வீட்டைக் காப்பாற்றுவதற்கும் போகிறது. வீடு உண்மையிலேயே காப்பாற்றப்பட்டிருந்தால் அது நியாயமான விலை என்பது என் கருத்து. சிமெண்ட் பூசிய சுவருக்கும் காரைக்குடித் தூணுக்கும் அதே விலை கேட்டால் நான் மெஸ்ஸுக்குப் போய்விடுவேன். சாப்பாடு அங்கே மோசமில்லை. கணக்கு பார்க்கும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள். தனி உணவகமாக இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். எட்டுப் பேருக்கு அந்த வித்தியாசம் சிறியதல்ல. சேவைக் கட்டணம் என்று தனியாகப் பில்லில் சேர்த்திருந்தால் அதைக் கட்டாயம் செலுத்த வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பரிமாறியவர் கையில் நேரே கொடுப்பது உங்கள் விருப்பம்.

பெரியவர்களை அழைத்துப்போவதால் சில நடைமுறைகள். பழைய வீட்டில் தளமட்டம் அறைக்கு அறை மாறும். தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று நான்கு படி, ஒவ்வொரு வாசல் நிலையிலும் காலடியில் குறுக்குக் கட்டை, தலை இடிக்கிற உயரத்தில் கதவு. வீட்டைப் பழுதுபார்க்கிறபோது அந்தக் குறுக்குக் கட்டையை வெட்ட எங்களுக்கும் மனம் வராது, நிலையின் பிடிப்பு அதில்தான் இருக்கிறது. எனவே அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் சாய்தளமோ கைப்பிடியோ உண்டா என்று முன்பே கேளுங்கள். கழிப்பறை பெரும்பாலும் கொல்லைப் பக்கத்தில் இருக்கும், அதற்கும் படி இருக்கும். மேசை முற்றத்தின் நடுவில் போட்டிருந்தால் படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் பன்னிரண்டு மணிக்கு வெயில் நேரே தலையில் இறங்கும். தாழ்வாரத்தில், முற்றம் பார்த்த வரிசையைக் கேட்டு வாங்குங்கள். தரையில் தடுக்குப் போட்டு உட்கார வைக்கிறார்களா என்று கேட்டு, பிள்ளைகளை வேண்டுமானால் அங்கே உட்கார வையுங்கள், பெரியவர்களுக்கு நாற்காலி போதும். இரவு போகலாமா என்று யோசித்தால் வேண்டாம் என்பேன். இந்த ஊரில் சாப்பாடு என்பது மதியத்துக்குரியது, ராத்திரி பலகாரம்தான். விளக்கொளியில் வீடு அழகாகத் தெரியும் என்பது உண்மை, முற்றத்து வழியாகக் கொசு வரும் என்பதும் உண்மை. இலையில் பரிமாறி, வேண்டியதை மறுபடி கேட்டுப் போடுகிறார்களா, தட்டில் அலங்கரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்க உங்கள் அப்பா தயங்கும்படியான இடம் அவருக்கு வீடாகாது.

மாற்று இடங்கள் பற்றிச் சுருக்கமாக. திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்துக் கிலோமீட்டருக்குள். டேனியர்கள் 1620-இல் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். அங்கே கடலைப் பார்த்த பங்களா ஒன்றைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். அகலமான வராந்தா, கடற்காற்று, கரையிலேயே மீன். அறுபதாம் கல்யாணத்தன்று மாலையில் அலைச்சல் இல்லாமல் போய்வர அது வசதி. ஆனால் அது வெள்ளைக்கார அதிகாரி குடியிருக்கக் கட்டிய வீடு, முற்றத்தை நம்பிய வீடல்ல; அப்பாவின் நினைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கும்பகோணத்துக்கு அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. காலையில் மெதுவாகக் கிளம்பி, வழியில் மயிலாடுதுறையில் ஒரு காபி குடித்துவிட்டு, பன்னிரண்டரைக்குள் போய்ச் சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு மேல் போனால் கூட்டு ஆறியிருக்கும்.

போனதும் நேரே உள்ளே நுழைந்துவிடாமல் அப்பாவைக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காரவிடுங்கள். தூணைத் தொட்டுப் பார்ப்பார், கூரை ஓடுகளை அண்ணாந்து பார்ப்பார், இது எங்கள் வீட்டில் இப்படியில்லை, அந்தப் பக்கம் இருந்தது என்று ஏதாவது சொல்வார். அந்தப் பேச்சு எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதைவிட நம்பகமான அளவு என்னிடம் இல்லை. நான் சுண்ணாம்பையும் ஓட்டையும் வைத்துச் சொல்வதை அவர் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். சாப்பிட்டு முடித்ததும் சோம்பும் கற்கண்டும் கொண்டுவந்தால் வெற்றிலை உண்டா என்று கேளுங்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சோம்பு மெல்ல வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடச் சில இடங்களில் விட மாட்டார்கள், காவித் தரையில் சுண்ணாம்பு சொட்டினால் தடம் போகாது என்பார்கள். அது உண்மைதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்; தாம்பாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தெருப்படியில் இறங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.